கடனில் மூழ்காமல் நர்சிங், மருத்துவம்: எந்த வழிக்கு என்ன விலை?

பிளஸ் டூ முடிவும் நீட் மதிப்பெண்ணும் கைக்கு வந்ததும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது போலிருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடலாமா? வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா? இன்னொரு வருடம் எழுத விடலாமா? ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறாரே, அதைக் கேட்கலாமா? நர்சிங் என்றால் கேள்வி கொஞ்சம் மாறும். கடன் வாங்கித் தனியாரில் பி.எஸ்சி. படிப்பதா, அரசுப் பயிற்சிப் பள்ளியில் டிப்ளமோ படிப்பதா?

கடன் எவ்வளவு ஏறும் என்பது வங்கிக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தக் கல்லூரி என்பதைவிட, அங்கே எந்த வகை சீட்டில் சேருகிறோம் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. அதனால் இங்கே வழிகளை சீட்டின் வகைப்படி பிரித்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் மொத்தச் செலவு. டியூஷன் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் அதிகம். விடுதி, மெஸ், சீருடை, புத்தகம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், நர்சிங் என்றால் வெளி மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவு என்று எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

அடுத்தது, அந்தப் பணத்தின் தன்மை. திருப்பித் தர வேண்டாத பணம், வேலை செய்து கழிக்க வேண்டிய பணம், வட்டியோடு திருப்ப வேண்டிய பணம் என்று மூன்று வகை உண்டு. முதல் வகையைத் தேடி முடித்த பிறகுதான் மூன்றாவது வகையைத் தொட வேண்டும். நடைமுறையில் பலர் செய்வது நேர்மாறு.

மூன்றாவது, முதல் சம்பளத்தில் மாதத் தவணை எத்தனை பங்கு என்பது. பத்து வருடம் கழித்து வரப்போகும் சம்பளத்தை வைத்துத் தவணை கட்ட முடியாது. கடைசியாக, பாதியில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்பது. உடம்பு முடியாமல் போகலாம், படிப்பு ஒத்துவராமல் போகலாம். அப்போது கையில் மிஞ்சுவது கடன் மட்டுமா, வேறு ஏதாவதும் உண்டா?

## அரசு இடம்

எம்.பி.பி.எஸ்.ஸோ நர்சிங்கோ, அரசு இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான் வரும். டெல்லி எய்ம்ஸில் எம்.பி.பி.எஸ். முழுப் படிப்புக்கும் கல்லூரிக் கட்டணம் ஆறாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுவது பலருக்கும் தெரிந்த செய்தி. புதுச்சேரி ஜிப்மரிலும் கட்டணம் குறைவு.

நர்சிங்கில் ஒரு வசதி: தமிழக அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆனால் ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் வேண்டும், எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத்தேர்வு. ஆகவே மருத்துவம் கிடைக்காது என்று தெரிந்தாலும், நர்சிங் போக நினைப்பவர்கள் நீட் எழுதி வைப்பது நல்லது. அது எங்கெல்லாம் பயன்படும் என்று கீழே இன்னும் வருகிறது.

மறைவான செலவு இங்கேயும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநில அரசுக் கல்லூரிக்குப் போனால், சில மாநிலங்களில் படிப்பு முடிந்ததும் கிராமப்புறப் பணி ஒப்பந்தம் இருக்கும். செய்யாவிட்டால் லட்சங்களில் பிணைத்தொகை. பாதியில் விட்டால் தமிழ்நாட்டிலும் தண்டத்தொகை உண்டு. சேர்க்கைக் கையேட்டில் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

## திருப்பித் தர வேண்டாத பணம்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல், 'தனியார் கல்லூரி என்றால் நமக்கு ஆகாது' என்று கலந்தாய்வில் அந்த இடங்களை விட்டுவிடக் கூடாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி உதவித்தொகை. குடும்பத்தில் யாருமே பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை. அக்காவோ அண்ணனோ பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்கு அது கிடைக்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று: முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு, அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. 'கல்லூரி ஒன்றுதானே, நேரடியாகப் போய்ச் சேர்ந்தால் சீக்கிரம் முடியும்' என்று கலந்தாய்வுக்கு முன்பே சேர்ந்துவிடும் நர்சிங் மாணவர்கள், கிடைத்திருக்க வேண்டிய பணத்தைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறார்கள். கூடவே இன்னொரு சிக்கல், உதவித்தொகை தாமதமாகத்தான் வரும், கல்லூரி முதலிலேயே கேட்கும். சேரும் முன்பே, உதவித்தொகை வரும்வரை பொறுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு 2022-இலிருந்தும், ஆண்களுக்கு 2024-இலிருந்தும் மாதம் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று கடன் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது.

வருமானம், சாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவையில் விண்ணப்பிப்பதைக் கலந்தாய்வு வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

## வேலை செய்து கழிக்கும் பணம்

புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. நீட் மதிப்பெண், பிறகு கல்லூரியின் தேர்வும் நேர்காணலும் உடல்தகுதிச் சோதனையும். படித்து முடித்ததும் முப்படை மருத்துவப் பிரிவில் அதிகாரியாகப் பணி. பெண்களுக்கு இதே போல ராணுவச் செவிலியர் சேவையின் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய இடங்களில் கல்லூரிகள். படிப்பும் தங்கலும் உணவும் அரசுச் செலவு, முடித்ததும் லெப்டினன்ட் பதவி. இதற்கும் நீட் மதிப்பெண் வேண்டும். நர்சிங் மாணவிகளும் நீட் எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

வேலூர் சி.எம்.சி. வேறு வகை. கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அதற்கு ஈடாக மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்யும் ஒப்பந்தம் உண்டு.

இங்கே விலை பணமில்லை, வருடங்கள். எங்கே அனுப்பினாலும் போகத் தயாராக இருப்பவருக்கு, படிக்கும்போதே வேலையும் உறுதியாகிவிடுவதால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. வயதான பெற்றோரைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவர், படிப்பு முடிந்ததும் வெளிநாடு போகத் திட்டமிடுபவர், உடனே மேற்படிப்புக்கு ஆசைப்படுபவர் ஆகியோருக்கு இது இறுக்கமான சட்டை. ஒப்பந்தத்தை முறித்தால் கட்ட வேண்டிய தொகை சாதாரணமில்லை.

தனியார் மருத்துவமனைகள் சில, தங்கள் நர்சிங் கல்லூரியில் கட்டணத்தைக் குறைத்து, முடித்ததும் அங்கேயே இத்தனை வருடம் வேலை என்று எழுதி வாங்குவதுண்டு. அதை இதோடு சேர்க்க மாட்டேன். ஒப்பந்தக் காலத்துச் சம்பளம் எவ்வளவு என்று பத்திரத்தில் எண்ணாக இல்லாவிட்டால், கையெழுத்துப் போட வேண்டாம்.

## தனியார் இடமும் கல்விக் கடனும்

தனியார் எம்.பி.பி.எஸ். என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 4 லட்ச ரூபாயைச் சுற்றி இருக்கும். அதே வகுப்பில், அதே பெஞ்சில், நிர்வாக ஒதுக்கீட்டில் உட்காருபவருக்கு 12 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்தைத் தாண்டுவது சகஜம். கட்டண நிர்ணயக் குழு விதித்ததற்கு மேல் 'நன்கொடை' கேட்டால், அதைத் தடை செய்ய 1992-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ரசீதில்லாமல் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு வங்கி கடனும் தராது.

கல்விக் கடனின் விதிகள் சுருக்கமாக: 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், நம் பங்குத் தொகையும் வேண்டாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம்.

'படிப்பு முடியும் வரை ஒன்றும் கட்ட வேண்டாம்' என்று கவுன்ட்டரில் சொல்வதைச் சலுகை என்று நினைத்துவிடுகிறோம். 10 சதவீத வட்டி (தவணை தொடங்கும் வரை தனிவட்டி), ஆண்டுதோறும் சம பங்காகக் கடன் என்று வைத்து நான் போட்ட கணக்கு இது:

| எந்த இடம் | வாங்கும் கடன் | தவணை தொடங்கும் நாளில் நிற்பது | மாதத் தவணை |
|---|---|---|---|
| தனியார் பி.எஸ்சி. நர்சிங் | 4 லட்சம் | 5.4 லட்சம் | 10 ஆண்டுக்கு சுமார் 7,100 |
| சுயநிதி எம்.பி.பி.எஸ்., அரசு ஒதுக்கீடு | 20 லட்சம் | 29 லட்சம் | 15 ஆண்டுக்கு சுமார் 31,200 |
| சுயநிதி எம்.பி.பி.எஸ்., நிர்வாக ஒதுக்கீடு | 60 லட்சம் | 87 லட்சம் | 15 ஆண்டுக்கு சுமார் 93,500 |

இதைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தமிழக அரசில் சேரும் செவிலியர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில்தான் தொடங்குகிறார்கள். 7,700 ரூபாயில் ஆரம்பித்த அந்த ஊதியம் 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 18,000-இல் 7,100 தவணை என்றால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பல தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் நர்ஸின் சம்பளம் இதைவிடவும் குறைவு.

அரசு உதவி மருத்துவருக்கு அடிப்படை ஊதியம் 56,100, மேலே அகவிலைப்படி. அதில் 31,200 கட்டுவது கஷ்டம், ஆனால் முடியும். 93,500 கட்டுவது நடக்காது. நிர்வாக ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ்.ஸைக் கடனில் படிப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல மாட்டேன். கையில் சும்மா இருக்கும் சொத்தை விற்றுப் படிக்க வைப்பது வேறு விஷயம், அது அவரவர் விருப்பம்.

டாக்டர் வீட்டுக் கணக்கில் எல்லோரும் மறக்கும் ஒன்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் பலர் முதுநிலை நீட்டுக்கு ஒன்றிரண்டு வருடம் வேலைக்குப் போகாமல் படிக்கிறார்கள். தவணை தொடங்குவதும் அதே சமயத்தில்தான். அந்த இருபத்து நான்கு மாதத் தவணையை யார் கட்டுவது என்பதை முதலாண்டு சேரும்போதே பேசிவிட வேண்டும். பெற்றோர் இணைக் கடனாளிகளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், தவறினால் அவர்களுடைய கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும்.

கடனைச் சிறியதாக்க வழி இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள நிறுவனத்தில் தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனுக்கு, படிப்புக் கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் உண்டு. 2024 நவம்பரில் அனுமதிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள உயர்தர நிறுவனங்களில் சேர்ந்தால் பிணையில்லாமல் கடன் கிடைக்கும். எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கே இது, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன் பார்த்துவிடுங்கள்.

மானியம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது, படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள் என்பதுதான். மேலே சொன்ன நர்சிங் கடனில் முதலாண்டில் வட்டி மாதம் சுமார் 833 ரூபாய். புதுமைப் பெண் பணம் 1,000 அதற்கே சரியாகப் போகும். இரண்டாம் ஆண்டிலிருந்து வட்டி ஏறும்போது வீட்டிலிருந்து கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஐந்து வருடமும் இப்படிக் கட்டினால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 5,300 ஆகக் குறையும். இடையில் வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், கட்டிய கல்விக் கடன் வட்டியை எட்டு ஆண்டு வரை 80இ பிரிவில் கழித்துக்கொள்ளலாம்.

## இன்னொரு வருடம் நீட்

பயிற்சி மையக் கட்டணம், விடுதி, ஒரு வருட வயது. எல்லாம் சேர்த்தாலும் அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஒருமுறை திரும்ப எழுதுவதே லாபம்.

ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். 2024-இல் கட்-ஆஃப் எகிறியது, 2025-இல் வினாத்தாள் கடினமாகி இறங்கியது. உங்கள் வகுப்புப் பிரிவின் தரவரிசையில் கடைசி இடம் எந்த எண்ணில் முடிந்தது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. பக்கத்தில் இருந்தால் எழுதலாம். வெகுதூரம் என்றால் அந்த வருடத்தில் அரசு நர்சிங் இடத்தையும் சேர்த்து இழக்கிறீர்கள். மூன்றாவது முறையை நான் ஆதரிப்பதில்லை.

## டிப்ளமோவில் ஏறுவது

நர்சிங்குக்கு மட்டும் இருக்கும் வழி இது, மதிப்பும் குறைத்தே எடைபோடப்படுகிறது. அரசுச் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமோ, பதிவு, வேலை, பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. மொத்தம் ஐந்து வருடப் படிப்பு. நேரடி பி.எஸ்சி.யைவிட ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் சம்பாதிக்கலாம், கடைசி இரண்டு வருடத்துக்குச் சேமித்தும் வைக்கலாம்.

தமிழக அரசுச் செவிலியர் பணித் தேர்வை டிப்ளமோ முடித்தவரும் பி.எஸ்சி. முடித்தவரும் ஒரே பதவிக்கு எழுதுகிறார்கள். 4 லட்சம் கடன் வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே 18,000-இல் நிற்பார்கள். எய்ம்ஸ் செவிலிய அதிகாரி பணிக்கு அடிப்படை ஊதியம் 44,900. அந்தத் தேர்வுக்கு டிப்ளமோ முடித்தவர், 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பி.எஸ்சி.க்கு அந்த நிபந்தனை இல்லை. கற்பித்தல், எம்.எஸ்சி., சில வெளிநாட்டு வாய்ப்புகள் என்றால் பட்டம் தேவைப்படும். உடனே வேண்டுமா, ஐந்து வருடம் கழித்து வேண்டுமா என்பதுதான் கேள்வி. அரசு பி.எஸ்சி. கிடைக்கவில்லை, அரசு டிப்ளமோ கிடைக்கிறது, கையில் பணமில்லை என்றால் நான் டிப்ளமோ பக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்கு ஊர் 'நர்சிங்' பலகை மாட்டி, ஓராண்டு, ஈராண்டு சான்றிதழ் தரும் இடங்கள் இருக்கின்றன. கட்டணம் குறைவுதான். ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் அங்கீகாரம் இல்லாவிட்டால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அங்கே கட்டும் முப்பதாயிரம்தான் இந்தக் கட்டுரையிலேயே விலை கூடின பணம்.

## வெளிநாடு

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்., உள்ளூர் நிர்வாக ஒதுக்கீட்டைவிட மலிவு என்பது உண்மை. அதோடு முடிவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிக் கல்வி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி எல்லாம் வேண்டும். நீட்டும் தேறியிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, 300-க்கு 150. பல அமர்வுகளில் எழுதுபவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. பிறகு இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. தேர்வுக்காகக் காத்திருக்கும் காலமும் கடனில்தான் ஓடும். முன்பு சொன்ன 'பாதியில் நின்றால்' என்ற அளவுகோலில் இதுதான் கடைசி இடம்: 2022-இல் உக்ரைனிலிருந்து திரும்பிய மாணவர்களுக்குப் படிப்பு நடுவில் நின்றது, கடன் நிற்கவில்லை.

நர்சிங்கில் ஜெர்மனியின் அவுஸ்பில்டுங் வழி இதற்கு நேர் எதிர். மூன்றாண்டுப் பயிற்சி, கட்டணம் இல்லை, மருத்துவமனையே மாதச் சம்பளம் தரும், பொதுவாக ஆயிரம் யூரோவுக்கு மேல். முதலீடு ஜெர்மன் மொழிதான். பி1 அல்லது பி2 நிலை வரை படிக்கப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம் பிடிக்கும், வகுப்புக்கும் தேர்வுக்கும் விசாவுக்கும் கைப்பணம் வேண்டும். மொழியில் ஆர்வமும், முதியோர் பராமரிப்பு வேலையில் சலிப்பின்மையும் இருப்பவருக்கு இது பொருந்தும். ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்தவர் இந்தப் பயிற்சியில் மறுபடி முதலிலிருந்து சேரத் தேவையில்லை. படித்த தகுதியை அங்கே அங்கீகரிக்கச் செய்யும் வழி தனியாக இருக்கிறது. ஏஜென்ட் லட்சங்களில் கேட்டால், முதலில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். பணம் கொடுக்கும் முன், மருத்துவமனையின் பெயரும் மாதச் சம்பளமும் எழுதிய பயிற்சி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.